முதலாளியின் கை

என் பெரியப்பா மிளகு வியாபாரி. அவருக்கு மிளகு ஆகாது. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்தால் போதும், தும்ம ஆரம்பித்துவிடுவார். மூட்டையைத் திரும்பத் தைத்து ஓரமாக வைத்த பிறகும் தும்மல் நிற்காது. கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாரில் இந்த மூக்கை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்ய முடியும்? அந்தத் தெருவில் மூச்சு விட்டாலே மிளகும் சுக்கும்தான் ஏறும். பெரியப்பா கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கடையைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, சமையலறையைத் தான் எடுத்துக்கொண்டார்.

கடை உண்மையில் பெரியம்மாவின் அப்பா தொடங்கியது. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து மிளகு, ஏலம் என்று மலஞ்சரக்கு வியாபாரத்தில் காலூன்றியவர். ஆண் பிள்ளை இல்லை என்பதால் மாப்பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தார். மாப்பிள்ளையின் பெயரையே பலகையிலும் எழுதிப் போட்டார். அவர் கண்ணை மூடிய பிறகு பெயர் பலகையில் இருந்தது, பெயருக்கு உரியவர் அடுப்படியில் இருந்தார். என் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து நாங்களும் அவர்களுடைய வீட்டோடு வந்து சேர்ந்தபோது நான் கைக்குழந்தை. அதனால் பெண்கள் கடைக்குப் போவார்கள், ஆண்கள் சாம்பார் வைப்பார்கள் என்பதுதான் உலக வழக்கம் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகே மற்ற வீடுகளில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்று தெரிந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகளை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

பெரியம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் அவளுடைய வலது கைக் கட்டைவிரல்தான் ஞாபகம் வரும். தரகர்கள் கொண்டுவரும் மிளகில் ஒரு பிடி அள்ளி, தூசியை ஊதிவிட்டு, ஒரே ஒரு மணியை எடுத்துக் கட்டைவிரல் நகத்துக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவாள். அது உடையும் விதத்திலேயே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். வருஷக்கணக்காக அப்படி அழுத்தி அழுத்தி அந்த நகம் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவில் ஏறிய கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது. கடைக்குக் கிளம்பும் முன் தினமும் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். அந்தப் பிளந்த நகத்தில் என் முடி மாட்டிக்கொள்ளும். நான் கத்துவேன். கத்தினால் இன்னும் இறுக்கிப் பின்னுவாள். அப்படியும் அம்மாவைப் பின்ன விடமாட்டேன். எனக்குப் பெரியம்மாதான் வேண்டும்.

வியாபாரிகள் சங்கத்தின் கூட்டத்துக்கு மட்டும் பெரியப்பா போவார். சங்கத்தில் இருந்ததும் அவருடைய பெயர்தானே. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா என்னென்ன பேச வேண்டும் என்று பாடம் நடத்துவாள். அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், பாதியைச் சொல்லி, மீதியை மறந்து திரும்பி வருவார். பெரியம்மா நெற்றியில் அடித்துக்கொள்வாள். ஆனால் சங்கத்துக்காரர்களின் வீட்டில் என்னென்ன பலகாரம் செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் விசாரித்துக்கொண்டு வந்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் சங்கம் புதிதாக ஒரு மண்டபம் கட்டியது. பழைய கடைகளின் முதலாளிமார் படங்களை எண்ணெய்ச் சாயத்தில் எழுதி அங்கே மாட்டுவது என்று முடிவானது. சங்கத்துச் செக்ரட்டரி அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கே வந்தார். பெரியப்பா அவருக்கு உளுந்துவடையும் சாயாவும் கொடுத்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, துண்டில் கையைத் துடைத்தபடி சொன்னார்: “அப்படின்னா அவளோட படம்தானே வைக்கணும்? கடையில இருக்கறது அவளாச்சே.”

செக்ரட்டரி வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். இன்னொரு வடையை எடுத்தார். பெரியப்பா சிரிக்கவில்லை என்று கண்ட பிறகு வடையைத் தட்டில் வைத்துவிட்டு நயமாக விளக்கினார். தனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லையாம். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்றுதான் யோசிக்கிறாராம். பெண்கள் படம் வீட்டில் இருந்தால் அழகு, மண்டபத்தில் அத்தனை முதலாளிமார் நடுவில் ஒரு சேச்சி மட்டும் தனியாக நாற்காலியில் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு என்னவோபோல இருக்குமாம். வேண்டுமானால் ஜோடியாக எழுதிக்கொள்ளலாம், பெரியப்பா உட்கார்ந்து, பெரியம்மா பின்னால் நிற்கிற மாதிரி.

பெரியப்பா யாரிடமும் சண்டை போட்டுப் பழக்கம் இல்லாதவர். சரி என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சாம்பாரில் உப்பே இல்லை. அவருக்குக் கோபம் வந்தால் எங்களுக்கு நாக்கால்தான் தெரியும்.

பெரியம்மாவிடம் சொன்னபோது அவள் கால் கழுவிக்கொண்டிருந்தாள். என் படம் சுவரில் தொங்கினால் மிளகு விலை ஏறுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் மத்தியானம் அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். கண்ணாடிக்கு எதிரில் நேராக நின்று பார்த்தாள். என் தலை தெரிந்ததும் புடவையில் பூச்சி அரித்திருக்கிறதா என்று தேடுகிறவளைப்போல மடிப்பைப் பிரித்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது. அது எனக்கே புரிந்தது என்றால் பெரியப்பாவுக்குப் புரியாமல் இருக்குமா?

ஓவியர் சுள்ளிக்கல்லில் இருந்தார். எல்லோரும் ஆர்ட்டிஸ்ட் என்றே கூப்பிடுவார்கள். மாதாகோவிலுக்குப் புனிதர்கள், கட்சிக்குத் தலைவர்கள், நாடகத்துக்கு அரண்மனைத் திரை என்று எதையும் எழுதுகிறவர். பெரியப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். ஓலை வேய்ந்த கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். சுவர் நெடுகச் சாய்த்து வைத்திருந்த படங்களில் ஒருவருக்கும் முகம் இல்லை. கழுத்து வரைக்கும் பட்டுச் சட்டை, சங்கிலி, புடவை எல்லாம் பளபளவென்று இருந்தன. அதற்கு மேலே வெறும் துணி.

பயப்படாதே மோளே என்று ஆர்ட்டிஸ்ட் சிரித்தார். முகம் மட்டும்தான் ஆர்டர் வந்த பிறகு எழுதுவாராம். உடம்புகளை மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது எழுதி வைத்துவிடுவார். முதலாளி உடம்பு என்றால் சிங்கத்தலைக் கைப்பிடி வைத்த நாற்காலி, மடியில் தோலட்டைப் புத்தகம், சட்டைப் பையிலிருந்து தொங்கும் கடிகாரச் சங்கிலி. வக்கீல் உடம்புக்குக் கறுப்புக் கோட்டும் இன்னும் நிறையப் புத்தகங்களும். ரிட்டையராகும் குமஸ்தாவுக்குக் கம்பெனி சார்பில் எழுதிக் கொடுக்கிற உடம்பு ஒன்று உண்டு, அது குடையோடு நிற்கும். வீட்டம்மா உடம்பும் நிற்கும், கழுத்தில் காசுமாலை, கையில் ஒரு ரோஜாப்பூ, முகம் எழுதும்போது பார்வை தரையில். தோல் நிறத்துக்கும் கணக்கு வைத்திருந்தார். முதலாளிக்கு ரோஸ் கொஞ்சம் கூடச் சேர்ப்பார், குமஸ்தாவுக்குக் குறைப்பார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அவர்கள் படம் எழுதிக்கொள்ள வருவதில்லை என்றார்.

“கடையில உக்காந்திருக்கற பொம்பளை உடம்பு இல்லையா?” என்று கேட்டேன்.

“அங்ஙனெ ஒரு ஆர்டர் இதுவரைக்கும் வந்திட்டில்ல மோளே” என்றார் ஆர்ட்டிஸ்ட்.

பெரியப்பா ஜோடிப் படத்தின் எதிரில் நின்றிருந்தார். நாற்காலிக் கைப்பிடியில் சாய்ந்திருந்த முதலாளியின் கையைக் காட்டி, இது யாருடைய கை என்று கேட்டார். ஆர்ட்டிஸ்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவருடைய மைத்துனன் கையாம். ஒரு வேலையும் செய்யாமல் வீட்டோடு இருக்கிறவன். அதனால்தான் கை அத்தனை அழகு. ஒரு தடவை அதைப் பார்த்து எழுதிப் பழகியாயிற்று, இனி வேறு யார் கையையும் பார்த்து எழுத வேண்டிய அவசியமே இல்லை என்றார். கொச்சியில் உள்ள எல்லா முதலாளிமாருக்கும் அந்தச் சோம்பேறியின் கைதான். பெரியப்பா தலையாட்டிக்கொண்டு முன்பணம் கொடுத்தார்.

முகம் எழுத ஆர்ட்டிஸ்ட் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மாடிக்கு வந்தார். பெரியம்மா அரக்குப் பட்டோடு தயாரானாள். ஆனால் நாள் முழுக்கச் சரக்குக் கிட்டங்கித் தரையில் நிற்கிறவளுக்குக் குதிகால் வலி, கொஞ்ச நேரம் நின்றாலே முகம் சுருங்கிவிடும். பெரியப்பாவுக்கோ உட்கார முடியாது, கீழே அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும். முகம்தானே வேண்டும், யார் எங்கே இருந்தால் என்ன என்று ஆர்ட்டிஸ்ட் சொல்லிவிட்டார். ஆகவே பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியப்பா பின்னால் நின்று நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். அவ்வப்போது கரண்டியோடு கீழே ஓடிப்போய் வருவார். அம்மா அடிக்கடி எட்டிப் பார்த்து, காசுமாலையில் காசு இன்னும் நெருக்கமாக இருக்கட்டும் என்று சிபாரிசு செய்தாள். பெரியம்மாவின் நிஜமான காசுமாலை ஏதோ ஒரு பெருமழை வருஷத்தில் கிட்டங்கிக் கூரையாக மாறிவிட்டிருந்தது.

ஆர்ட்டிஸ்டுக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது பெரியம்மாவின் கண். வீட்டம்மா உடம்புக்குப் பார்வை கீழே இருக்க வேண்டும். இவளோ நனைந்த சரக்கைக் கொண்டுவந்த தரகனைப் பார்ப்பதுபோல அவரையே நேராகப் பார்த்தாள். சேச்சி, கண்ணைக் கொஞ்சம் தாழ்த்துங்கோ என்று அவர் பல தடவை கேட்டுக்கொண்டார்.

“கண்ணைத் தாழ்த்தினா நனைஞ்ச மிளகை என் தலையில கட்டிடுவாங்க” என்றாள் பெரியம்மா.

பின்னால் நின்ற பெரியப்பா சிரித்துவிட்டார். அவரும் ஆர்ட்டிஸ்டுக்கு உபத்திரவம்தான். முதலாளி முகம் கொஞ்சம் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று எவ்வளவு சொல்லியும் அவருக்குக் கண்டிப்பு வரவில்லை.

முகங்கள் முடிந்து ஆர்ட்டிஸ்ட் படத்தைச் சுள்ளிக்கல்லுக்குத் திரும்ப எடுத்துப் போனார். சில நாள் கழித்துப் பெரியப்பா எரிசேரியும் சோறும் டிபன் கேரியரில் எடுத்துக்கொண்டு அங்கே கிளம்பினார். நானும் போனேன். பின்கட்டில் வாத்துகள் இருக்கின்றன, போய்ப் பார் என்று என்னை அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது ஆர்ட்டிஸ்ட் தலையைச் சொறிந்துகொண்டு, படத்தையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிபன் கேரியரைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சம்மதமாகத் தலையாட்டினார். எரிசேரிக்கு இவ்வளவு யோசனையா என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஆர்ட்டிஸ்ட் எங்கள் கடைக்கு வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நான் கடையில் இருந்த நேரம். மிளகு விலை கேட்டார். எதிரில் இருந்த மூட்டையில் உட்கார்ந்துகொண்டார். பெரியம்மா ஒரு தரகரின் சரக்கைப் பிடி பிடியாக அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததை வெகுநேரம் கண் கொட்டாமல் பார்த்தார். பிறகு ஒரு மணி மிளகுகூட வாங்காமல் எழுந்து போய்விட்டார். இது வாங்குகிற மூஞ்சி இல்லை என்று பெரியம்மா சொன்னாள். எனக்கும் அவர் மேல் மதிப்புக் குறைந்துபோயிற்று.

மண்டபத் திறப்பு விழா ஒரு காலைப் பொழுதில் நடந்தது. அதற்காகத் தெருவில் எல்லாக் கடைகளும் அடைத்திருந்தன. புதுச் சுண்ணாம்பு வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் தவிர வேறு வாசனையே இல்லாத ஓர் இடத்தை மட்டாஞ்சேரியில் அன்றுதான் நான் பார்த்தேன். முன் வரிசை நாற்காலிகளில் முதலாளிமார் இருந்தார்கள். பெண்களுக்குப் பின்னால் பெஞ்சு போட்டிருந்தது. பெரியம்மாவும் அம்மாவும் அங்கே உட்கார்ந்தார்கள். நான் முன்னால் பெரியப்பாவின் மடியோரம் நின்றேன்.

ஒவ்வொரு படமாகத் திரையை விலக்கினார்கள். எல்லாம் சுள்ளிக்கல் ஆர்ட்டிஸ்ட் எழுதியவை. குஜராத்திச் சேட்டு, கொங்கணி முதலாளி, எங்கள் பக்கத்துக் கடைக்காரர் என்று முகங்கள் வேறு வேறாக இருந்தன. எல்லோருடைய நாற்காலிக் கைப்பிடியிலும் அதே கொழுகொழு மைத்துனனின் கை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியாக எங்கள் படம். பெரியப்பா ரோஸ் நிறத்தில் உட்கார்ந்திருந்தார். கண்டிப்பு கொஞ்சம்கூட இல்லை. பின்னால் பெரியம்மா காசுமாலையோடு, தரையைப் பார்த்தபடி, பொம்மை விரல்களில் ரோஜாப்பூவைப் பிடித்து நின்றாள். அது அவளே இல்லை. ஆனால் பெரியப்பாவின் மடியில் புத்தகத்தைக் காணோம். அந்த இடத்தில் அவருடைய இடது உள்ளங்கை நிறைய மிளகு. வலது கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு மணியைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தது. கைகளில் ரோஸ் இல்லை, நல்ல மாநிறம். அங்கே மட்டும் சாயம் புதிதாகத் தடித்துத் தெரிந்தது.

செக்ரட்டரி பக்கத்தில் போய்ப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து உரக்கச் சொன்னார்: “கண்டோ, அந்தக் கையைக் கண்டோ? ஒரு வியாபாரியோட கைன்னா அதாக்கும்.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருவர் எழுந்து பெரியப்பாவின் தோளைத் தட்டினார். நான் இன்னும் கிட்டப் போனேன். கட்டைவிரல் நகம் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்திருந்தது. பிளவில் கறுப்பு ஏறியிருந்தது. தினமும் என் முடியைப் பிடித்து இழுக்கிற நகத்தை எனக்குத் தெரியாதா?

“அது பெரியம்மாவோட கை” என்று கத்தினேன்.

முதலாளிமார் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். செக்ரட்டரி படத்தை மறுபடி உற்றுப் பார்க்கக் குனிந்தார். அப்போது பெரியப்பா தும்ம ஆரம்பித்தார். ஒரு தும்மல், இரண்டு தும்மல் என்று இல்லை, மூட்டை மூட்டையாக மிளகைத் தலையில் கொட்டினாற்போல் தும்மித் தீர்த்தார். முன் வரிசை முழுக்கச் சிரிப்பு. மிளகு முதலாளிக்குப் படத்து மிளகுகூட ஆகவில்லை என்று யாரோ சொன்னார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். செக்ரட்டரியும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்துவிட்டார். நான் சொன்னதை எல்லோரும் மறந்துபோனார்கள். மிளகே இல்லாத இடத்தில் இவர் எதற்குத் தும்முகிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் விடவில்லை. ஆர்ட்டிஸ்ட் பெரிய தப்புச் செய்துவிட்டார், நீ நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய் அல்லவா, அதனால் குழம்பிப்போய் உன் கையைப் பெரியப்பாவுக்கு எழுதிவிட்டார், அவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல் என்று வழியெல்லாம் நச்சரித்தேன். பெரியம்மா நின்றாள்.

“தப்புதான். ஆனா நீ யார்கிட்டயும் சொல்லாதே, கேட்டியா” என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ஆர்ட்டிஸ்டின் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்த மனிதருக்காக நான் வருத்தப்பட்டிருக்கிறேன். யார் கையையும் பார்த்து எழுத வேண்டிய அவசியமே இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது கல்யாணமாகி, நானே ஒரு வீட்டில் நாற்காலிக்குப் பின்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அன்றைக்குத்தான். எரிசேரியும், வாத்தும், கடையில் ஒன்றும் வாங்காமல் எழுந்து போன ஆர்ட்டிஸ்டும் அப்போதுதான் வரிசையாக வந்து நின்றார்கள். பெண்ணை நாற்காலியில் வைக்க முடியாது என்று சொன்ன மண்டபத்தில், பெரியப்பா அவளுடைய கையை மட்டுமாவது கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்காகத் தன் இரண்டு கைகளையும் விட்டுக்கொடுத்திருந்தார். என்ன மனிதர்!

விழா நாளன்று மத்தியானம் வீட்டில் பால்பாயசம். பெரியப்பா வழக்கம்போலப் பரிமாறக் கரண்டியை எடுத்தார். பெரியம்மா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, உட்காருங்க என்றாள். அவர் உட்கார்ந்தார். கடைக்காரிக்குப் பரிமாறிப் பழக்கம் ஏது? பாயசம் பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது. பெரியப்பா குனிந்து சாப்பிட்டார். அவர் உட்கார்ந்து அவள் நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது. படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறீர்கள் என்று சொன்னேன். பெரியப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்த பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டேன். மிளகுத் தூசி என்றாள். அன்று காலையிலிருந்து கடை திறக்கவே இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை. ஈரத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அவளிடம் கொடுத்தேன்.